இலக்கமுறைத் தேசப்படமும் நெடுந்தூரத் துவிச்சக்கர வண்டிப் பயணமும்

பழந்தமிழர் வகுத்த இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பரிசில் நாடிச் செல்லும் ஒருவனை வழியிடைக் கண்டு, தான் சென்ற நெறியை அவனுக்கு எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவதே அதன் பொருள். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாம் எனப்படும் கூத்தராற்றுப்படை, பன்றிக்கு வைத்த பொறிகளையும், பாம்பு உறையும் இடங்களையும், வழுக்கும் நிலத்தையும், இரவிலே தங்கத்தகும் இடங்களையும், உணவு கிடைக்கும் ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லுகின்றது. வழி எங்கே போகின்றது என்பதை மாத்திரமன்றி, அவ்வழியிற் போவானுக்கு யாது நேரும் என்பதையும் அறிவித்தலே வழிகாட்டலின் இலக்கணம் என நம் முன்னோர் கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று வழிகாட்டுந் தொழிலைக் கைத்தொலைபேசி ஏற்றுக்கொண்டது. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்த மாத்திரத்தே வழியும், தூரமும், சென்றடையும் நேரமும் திரையிலே தோன்றுகின்றன. இவ்வசதியைத் துணைக்கொண்டு இளைஞர் பலர் துவிச்சக்கர வண்டியில் ஐம்பது, நூறு, இருநூறு கிலோமீற்றர் செல்லத் தலைப்படுகின்றனர். இது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும், திரையிலே தோன்றும் அக்கோடு ஆற்றுப்படை ஆகுமா? எவ்வளவிற்கு ஆகும், எவ்வளவிற்கு ஆகாது, ஆகாத பகுதியை நிரப்புவது யார் கடன் என்பவற்றை, யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துவிச்சக்கர வண்டியும் யாழ்ப்பாணமும்

குடாநாடு சமதரையானது, ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பன, ஒழுங்கைகள் ஒடுங்கியவை. இம்மூன்றும் துவிச்சக்கர வண்டிக்கு ஏற்ற சூழ்நிலைகள். ராலே, ஹம்பர் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகள் ஒருகாலத்தில் ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோரின் வீட்டுச் சொத்துக்களாகப் பேணப்பட்டன. 1990களில் எரிபொருள் வருகை தடைப்பட்டபொழுது, விறகும் நெல்லும் நோயாளியும் முதியோரும் இவ்வண்டியிலேயே கொண்டுசெல்லப்பட்டனர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி, கொழும்பு நகரத்தாருக்கும் இதன் அருமையை உணர்த்தியது. ஆகவே, துவிச்சக்கர வண்டி நமக்குப் புதியதன்று. புதியது யாதெனின், அதனை ஊர்க்கடமைக்கன்றி நெடும்பயணத்திற்கும் பயன்படுத்தும் விருப்பமும், அவ்விருப்பத்திற்குத் துணையாக வந்த இலக்கமுறைத் தேசப்படமுமேயாம்.

நெடும்பயணம் என்பதன் அளவை அறிதற்கு வெளிநாட்டு வழக்கம் ஒன்றை நோக்கலாம். பிரான்சு நாட்டிலே பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று மீளும் ஓட்டம் 1891 ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1,200 கிலோமீற்றர் கொண்ட அது, இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 90 மணித்தியால எல்லைக்குள் முடிக்கவேண்டிய பயணமாக நடைபெறுகின்றது. இவ்வியக்கத்தின் விதிப்படி 200 கிலோமீற்றரை 13½ மணித்தியாலத்திலும், 300 கிலோமீற்றரை 20 மணித்தியாலத்திலும், 600 கிலோமீற்றரை 40 மணித்தியாலத்திலும் கடத்தல்வேண்டும். உணவுக்கும் ஓய்வுக்கும் ஆகும் நேரமும் இதனுள் அடங்கும். எனவே, உலகெங்கும் நெடுந்தூர ஓட்டிகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை, மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றரேயாம். விரைவன்று, முறையான ஆயத்தமும் தளராத சீருமே இங்கு வேண்டப்படுவன.

2. தேசப்படம் வளர்ந்த முறை

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலே தோற்றுவிக்கப்பட்டது. அது வெளியிட்ட ஓரங்குல இடவிளக்கப்படங்களில் ஓர் அங்குலம் நிலத்தில் ஒரு மைலைக் குறிக்கும். அஃதாவது 1:63,360 என்னும் அளவுத்திட்டம். பின்னர் மெற்றிக் முறைக்கேற்ப 1:50,000 அளவுத்திட்டத்தில், நாடு முழுவதும் 92 தாள்களாக வகுக்கப்பட்டது. இதில் 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றராகும். உயர்தர வகுப்பிலே புவியியல் கற்றோர், வீதி வளைவுகளின்மேல் நூலை வைத்து, அந்நூலை அளவுகோலில் நீட்டித் தூரங் கண்ட அனுபவத்தை மறந்திரார்.

கண்டி வீதியிலே தூரத்தை அறிவித்தவை மைற்கட்டைகள். நம்மவர் மைலையே ‘கட்டை’ என வழங்கினர். கிளிநொச்சியிலுள்ள ‘155ஆம் கட்டை’ என்னும் இடப்பெயர், கண்டியிலிருந்து எண்ணிய மைற்கணக்கின் எச்சமாக இன்றும் வழங்குகின்றது. ஒரு கோட்டின்மீது ஓர் எண்ணால் இடத்தைச் சுட்டும் அம்முறையே, இக்காலத்தில் இரண்டு எண்களால் உலகின் எவ்விடத்தையும் சுட்டும் முறையாக விரிந்தது என்னலாம்.

கணினித் திரையிலே எவரும் நோக்கத்தக்க படங்கள் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே தோன்றின. பொதுமக்கள் தாமே வரைந்து திருத்தும் ‘ஓப்பன்ஸ்ரீற்மப்’ 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தொடங்கப்பட்டது. ‘கூகுள் மப்ஸ்’ 2005 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. முன்னது, கலைக்களஞ்சியத்தைப் பலர் கூடி எழுதுவது போலப் பலர் கூடி ஆக்கும் படம். பின்னது ஒரு வணிக நிறுவனத்தின் உடைமை. இவ்வேறுபாடு சிறிதன்று என்பது பின்னர் விளங்கும்.

3. இடம் அறியப்படுமாறு

கைத்தொலைபேசி தான் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிகின்றது? புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்க நாட்டின் ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகார நேரத்தை இடையறாது ஒலிபரப்புகின்றது. ஒளியின் வேகத்தில் வரும் அவ்வலை, நேர் உச்சியிலுள்ள செய்மதியிலிருந்து நம்மை அடைதற்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரஞ் செல்லும். அச்சிறு தாமதத்தை அளந்தால் செய்மதியின் தூரம் பெறப்படும். நான்கு செய்மதிகளின் தூரங்கள் தெரிந்தால், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், நேரப் பிழை ஆகிய நான்கினையும் கணித்தல் கூடும். கடிகாரம் ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் வழு நேரும் என்றால், இவ்விஞ்ஞானத்தின் நுட்பம் எத்துணையது என்பதை ஊகித்தறிக.

பொதுமக்கள் பெறும் அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த வழு 2000 ஆம் ஆண்டு மே மாதத்திலே நீக்கப்பட்டது. அன்றுமுதல், வானம் மறைபடாத வெளியிலே ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடத்தை அறிதல் இயல்வதாயிற்று. நம் ஒழுங்கைகளுட் சில அவ்வளவு அகலமும் உடையன அல்ல. ஆதலால், இரண்டு ஒழுங்கைகள் அருகருகே பிரியும் முடக்கிலே, படம் பக்கத்து ஒழுங்கையிற் செல்வதாகக் காட்டினால் வியப்பதற்கில்லை.

இங்கே மாணாக்கர் மனங்கொள்ளவேண்டியவை மூன்று. முதலாவது, இடத்தை அறிதற்கு இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. படத்தைத் தருவித்தற்கே அது வேண்டும். எனவே, செல்லும் பிரதேசத்தின் படத்தை வீட்டிலேயே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், அலை எட்டாத காட்டு வழியிலும் இடம் தெரியும். இரண்டாவது, எண்களின் வரிசை மாறலாகாது. யாழ்ப்பாண நகரம் வட அகலாங்கு 9.66, கிழக்கு நெட்டாங்கு 80.02 பாகையில் உள்ளது. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் நாம் சென்று சேரும் இடம் வடதுருவத்தை அடுத்த சுவால்பாட் தீவுகளின் அயற்கடலாகும். மூன்றாவது, தசமத்தின் பின் நான்கு இலக்கங்கள் எழுதினால் இடம் 11 மீற்றர் அளவிற்குத் துல்லியமாகும். வழியில் விபத்து நேர்ந்து 1990 என்னும் இலக்கத்திலே ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்பொழுது, இவ்விரண்டு எண்களும் ஓர் உயிரின் விலை பெறும்.

4. தூரமும் காலமும்

யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கேதீச்சரத்திற்குச் செல்லும் பயணம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இவ்விரண்டு இடங்களுக்குமிடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 78 கிலோமீற்றர். வீதியோ முதலிலே கிழக்கு நோக்கி நாவற்குழி சென்று, கேரதீவு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்னும் ஊர்களினூடே தெற்கே இறங்குகின்றது. நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்படும். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஆம் ஆண்டு ஜனவரியிலேதான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய படத்தை நம்புவோனுக்கு அங்கே பாலம் இல்லை, கடல் உண்டு. தேசப்படத்திற்கும் வயது உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தூரம் 105 கிலோமீற்றர் எனக் கொள்வோம். வழி வகுக்குஞ் செயலிகள் பெரும்பாலும் ஒரு சராசரி வேகத்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கணிக்கின்றன. மணிக்கு 18 கிலோமீற்றர் எனின் 5 மணித்தியாலம் 50 நிமிடமாகும். ஆனால், இது வண்டி உருளும் நேரம் மாத்திரமே. தேநீருக்கும், தண்ணீருக்கும், காற்றுப்போன ரியூப்பை ஒட்டுதற்கும், முதுகு நிமிர்த்துதற்கும் அதன் காற்பங்கையாவது கூட்டுதல் வேண்டும். அவ்வாறு கூட்டினால் ஏழேகால் மணித்தியாலமாகும். அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோர் நண்பகலுக்குச் சற்று முன்னர்ச் சேர்வர். ஆறரைக்குப் புறப்பட்டோர் உச்சி வெயிலிலே, நிழலற்ற வெளியில் நிற்பர். இரண்டு மணித்தியாலத் தாமதம் கணக்கிலே சிறிது, உடலுக்குப் பெரிது.

5. காற்றே நம் மலை

மலைநாட்டிலே பயணஞ் செய்வோர் முதலில் நோக்குவது ஏற்ற இறக்க வரைபையே. குடாநாட்டில் அவ்வரைபு பெரிதும் பயன்படாது. பெரும்பயன் தராததோடு மயக்கமும் தரும். பல செயலிகள் உயரத்தை அறிதற்குப் பயன்படுத்தும் அளவைகள், 2000 ஆம் ஆண்டு பெப்ருவரியில் எண்டெவர் என்னும் விண்ணோடம் பதினொரு நாட் பயணத்தில் ரேடார் அலைகளை எறிந்து பெற்றவை. ரேடார் அலை வெறுநிலத்தை மாத்திரம் காண்பதன்று, மரச்செறிவையும் காண்கின்றது. பெரும்பாலும் 10 மீற்றருக்குட்பட்ட உயரமுள்ள நம் நிலத்திலே, சில மீற்றர் வழுவும் மேடு பள்ளமாய்த் தோன்றும். திரையிலே காணும் ‘ஏற்றம்’ உண்மையில் ஒரு பனந்தோப்பாக இருத்தலுங் கூடும்.

ஆனால், திரையிலே காணப்படாத மலை ஒன்று நமக்கு உண்டு. அதுவே காற்று. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோழகமும், கார்த்திகை முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுகின்றன. மீனவரும் படகோட்டிகளும் இவற்றின் நாளையும் திசையையும் அறிந்தே தொழில் செய்தனர். துவிச்சக்கர வண்டி ஓட்டுவோனும் அவ்வறிவைப் பெறல்வேண்டும்.

காரணம் பௌதிகவியலில் உள்ளது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப அதிகரிக்கும். காற்றில்லா வேளையில் மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுபவன், அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசும்பொழுதும் தன் வேகத்தைக் குறைக்காது ஓட்ட முயன்றால், அவனை எதிர்க்கும் காற்றின் சார்பு வேகம் 36 கிலோமீற்றராகும். வேகம் இருமடங்காகத் தடை நான்கு மடங்காகும். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் காற்றோடு செய்யும் வேலையும் நான்கு மடங்காகும். ஆதலின் அவன் வேகந் தளர்வது இயல்பே.

“போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளும், ஆகவே கணக்குச் சரி” எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. திருக்கேதீச்சரத்திற்கு எதிர்க்காற்றில் மணிக்கு 13 கிலோமீற்றர் வீதஞ் சென்று, துணைக்காற்றில் 23 வீதம் மீள்வதாகக் கொள்வோம். செல்லுதற்கு 8 மணித்தியாலம் 5 நிமிடமும், மீளுதற்கு 4 மணித்தியாலம் 34 நிமிடமும் ஆக 12 மணித்தியாலம் 39 நிமிடம் வேண்டும். இரு வழியும் 18 வீதம் ஓட்டினால் 11 மணித்தியாலம் 40 நிமிடம் போதும். பதின்மூன்றுக்கும் இருபத்துமூன்றுக்கும் சராசரி பதினெட்டாயினும், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இழக்கப்படுகின்றது. மெதுவாகச் செல்லும் பகுதியிலே நெடுநேரம் இருக்கிறோம் என்பதே இதன் காரணம்.

இதிலிருந்து பெறப்படும் விதி எளிது. உடல் புதிதாயிருக்கும் காலையிலே எதிர்க்காற்றையும், களைத்த மாலையிலே துணைக்காற்றையும் கொள்ளுமாறு வழியை வகுத்தல்வேண்டும். ஆடி மாதத்திலே பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கே குறிகாட்டுவானுக்குச் செல்வோர் சோழகத்தை எதிர்த்துச் சென்று, அதன் துணையோடு மீள்வர், அது நன்று. மாசியிலே தெற்கே மன்னாருக்குச் செல்வோரை வாடை தள்ளிச் செல்லும். மறுநாள் மீள்வதற்கு அதுவே பகையாகும். இத்தகையோர் ஒரு வழியை ஓட்டி, மறு வழியைப் பேருந்திற் கடத்தல் அறிவுடைமை.

6. நிழலும் நீரும்

பருத்தித்துறைத் தும்பளை வீதியிலே தெருமூடிமடம் ஒன்று உண்டு. வீதியின்மேற் கூரை அமைத்து, இரு மருங்கும் திண்ணை வைத்துக் கட்டப்பட்டது அது. சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, கால்நடை உடம்பை உரைஞ்ச ஆவுரஞ்சிக்கல், நீர் குடிக்கக் கேணி என்பனவும் நம் பழைய வீதிகளின் அங்கங்கள். வழிப்போக்கனுக்கு வேண்டுவது வழியன்று, வழியிடை இளைப்பாறும் இடமே என உணர்ந்தோர் செய்த அறங்கள் இவை.

இலக்கமுறைத் தேசப்படம் எரிபொருள் நிலையத்தைத் தவறாது காட்டும். ஏனெனில், அது மோட்டார் வாகனத்திற்கு வேண்டியது. ஆனால், எவ்விடத்தில் மருதமரம் நிழல் தருகின்றது, எக்கோயிற் கிணறு நன்னீருடையது, எத்தேநீர்க்கடை அதிகாலையில் திறக்கப்படும் என்பவற்றை அது பெரும்பாலும் அறியாது. யாழ்ப்பாண அகலாங்கிலே சித்திரை மாதத் தொடக்கத்தை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சியில் வருகின்றது. அவ்வேளையில் பண்ணைத் தாம்போதியும், பொன்னாலைத் தாம்போதியும், ஆனையிறவு உப்பளவெளியும், சங்குப்பிட்டிக்கு இருபுறமும் உள்ள கடனீரேரி வெளியும் ஒரு சாண் நிழலுந் தருவனவல்ல.

வெயிலிலே ஓட்டுபவன் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாது நீர் அருந்தல்வேண்டும். ஆறு மணித்தியாலத்திற்கு மூன்று லீற்றருக்கு மேலாகும். வெறும் நீர் மாத்திரம் போதாது. வியர்வையோடு உப்பும் கழிவதால், உப்பிட்ட மோரோ, இளநீரோ, மருந்துக்கடைகளிற் கிடைக்கும் ‘ஜீவனி’ யோ இடையிடையே கொள்ளல் வேண்டும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோதல் என்பன வெப்பத்தாக்கத்தின் குறிகள். அவை தோன்றியபின் இன்னும் ஐந்து கிலோமீற்றர்தானே எனத் தொடர்தல் உயிருக்கே ஊறாம். எனவே பயணத்திற்கு முதல்நாள், படத்திலே நீர் கிடைக்கும் இடங்களைப் புள்ளியிட்டு, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்க. 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி எங்கே உள்ளதோ அங்கே குப்பிகள் நிறைந்திருத்தல் வேண்டும்.

7. கோடு உண்டு, வழி இல்லை

இனி, இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறுதல் வேண்டும். செய்மதிப் படத்திலே வீதியாகத் தெரிவதெல்லாம் செல்லத்தக்க வீதியன்று.

வலிகாமம் வடக்கிலே 1990 ஆம் ஆண்டில் மக்கள் இடம்பெயர்ந்தபின் பல வீதிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு மூடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆம் ஆண்டிலேயே மக்களிடம் மீண்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 35 ஆண்டுகளின் பின்னர், 2025 ஆம் ஆண்டு ஏப்ரலிலே, கட்டுப்பாடுகளோடு போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அவ்வீதி வானிலிருந்து நோக்கும் செய்மதிக்கு வீதியாகவே காட்சியளித்திருக்கும். வீதி இருத்தல் வேறு. அதிற் செல்லும் உரிமை இருத்தல் வேறு. முன்னதைக் கருவி காணும். பின்னதை மனிதனே கேட்டறிதல் வேண்டும்.

முகமாலையும் அதனை அடுத்த நிலங்களும் நெடுங்காலம் போர்முனையாக இருந்தமையால் கண்ணிவெடிகள் மிகச் செறிந்து புதைக்கப்பட்ட பிரதேசங்கள். கண்ணிவெடி அகற்றும் பணி பல்லாண்டாக நடைபெற்று வருகின்றது. படத்திலே குறுக்குவழி தோன்றினும், மண்டையோட்டுக் குறியுள்ள பலகை நாட்டப்பட்ட இடத்திலோ, ஆள் நடமாட்டமற்ற பற்றைக்காட்டிலோ, வீதியை விட்டு ஓரடியும் இறங்கலாகாது. ஐந்து கிலோமீற்றர் மிச்சம் பிடிப்பதற்குக் காலை இழத்தல் கணக்காகாது.

பருவத்தால் மாறும் வழிகளும் உண்டு. ஆனியிலே வறண்டு வெடித்துக் கிடக்கும் கடனீரேரித் தரவையிலே மாட்டுவண்டித் தடம் படத்தில் ஒரு கோடாக விழுந்திருக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரியிலே அது நீரின் கீழாகும். புகையிரதப் பாதை 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கும் 2015 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் மீண்டதன் பின்னர், காவலற்ற கடவைகளிலே நின்று இருபுறமும் நோக்கிக் கடத்தல் இன்றியமையாததாயிற்று. வன்னிக் காட்டுப் பகுதிகளில் அந்திக்குப் பின் யானைகள் வீதியைக் கடத்தல் உண்டு. ஆதலால், அங்கே பகலிலேயே பயணத்தை முடித்தல் நலம்.

இக்காரணங்களாலே, வகுத்த வழியை ஊரவர் ஒருவரிடமாவது காட்டி உசாவுதல் வேண்டும் என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம். “தம்பி, அந்த றோட்டாலை போகாதை, போன மாரியோடை மதகு உடைஞ்சு போச்சு” என்னும் ஒரு வாக்கியம், எந்தச் செய்மதியும் சொல்லாத செய்தியாகும்.

8. பெயரும் உரிமையும்

இடத்தைத் தேடுதற்குப் பெயர் வேண்டும். இங்கே நம்மவர்க்குரிய இடர் ஒன்று உண்டு. திருநெல்வேலி எனத் தேடினால் பல்கலைக்கழகம் உள்ள நம் ஊரும் வரலாம். பாண்டி நாட்டு நகரமும் வரலாம். நாகர்கோவில் எனின் வடமராட்சி கிழக்கின் கடலோர ஊரும் வரலாம். குமரி மாவட்டத் தலைநகரும் வரலாம். ஆங்கில எழுத்திலே தேடுவோர்க்கு இடர் இன்னும் பெரிது. நம் ழகரத்தையும் றகரத்தையும் ஒவ்வொருவர் ஒவ்வொருவாறு எழுதுவர். பருத்தித்துறைக்கும் ஆனையிறவுக்கும் ஆங்கில வழக்கிலே முற்றிலும் வேறான பெயர்கள் உள்ளன. ஆகவே, பெயரை நம்பாது, புள்ளியை வைத்து எண்களாற் குறித்தலே பாதுகாப்பானது.

பெயரைப் பற்றிய செய்தி இவ்வளவோடு முடியவில்லை. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. கடைசிப் பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கில் எஞ்சியது. ஏனையவை பழைய படங்களோடு ஒடுங்கின. படத்தில் எழுதப்பட்ட பெயர் வாழவில்லை. ஊரார் நாவில் இருந்த பெயரே வாழ்ந்தது.

இன்றைய நிலையோ தலைகீழானது. வெளியூரார் ஊராரிடம் கேட்பதில்லை, திரையிடம் கேட்கின்றனர். தபால் கொண்டு வருவோனும், அம்புலன்ஸ் சாரதியும், கடல் கடந்து வாழும் பேரனும் திரையையே நம்புகின்றனர். திரையில் இல்லாத ஒழுங்கை அவர்களுக்கு இல்லாத ஒழுங்கையாகும். குறிச்சிப் பெயர்களும், வயல்களின் பெயர்களும், குளங்களின் பெயர்களும் முதியோரின் நினைவில் மாத்திரம் இருக்கின்றன. இடம்பெயர்ந்து பல்லாண்டின் பின் மீண்ட ஊர்களில், அம்முதியோருட் பலர் மீளவில்லை. இப்பெயர்கள் எழுதப்படாது ஒழியின், இன்னொரு தலைமுறையில் அவை கேட்பாரின்றி மறையும்.

ஓப்பன்ஸ்ரீற்மப் போன்ற பொதுப் படத்தின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. அதில் எவரும் கணக்கொன்றைத் திறந்து, தாம் நேரிற் கண்ட வீதியையும், அதன் தமிழ்ப் பெயரையும், குடிநீர்க் கிணற்றையும், வீதியின் தரத்தையும் பதியலாம். விதிகள் சிலவே: நேரிற் கண்டதையே எழுதுக, ஐயமானதை விடுக, பிறருடைய படத்தைப் பார்த்துப் படியெடாதே, தனியார் வீட்டு விவரங்களைப் பதியாதே. இப்படத்தின் தரவைக் கொண்டே இயங்கும் ‘ஓர்கானிக் மப்ஸ்’, ‘ஒஸ்மான்ட்’ முதலிய செயலிகள் இணையமின்றியும் வழிகாட்டுகின்றன. இன்று ஒரு மாணாக்கன் பதிந்த கிணறு, நாளை அறிமுகமற்ற ஒரு பயணியின் தாகந் தீர்க்கும். தெருமூடிமடங் கட்டியோர் செய்த அறத்தின் வேறோர் உருவமே இது.

9. ஆயத்தம் செய்யும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, முதன்முறை நெடும்பயணம் மேற்கொள்வோர்க்கு ஒழுங்காகக் கூறுவோம்.

முதலாவதாக, உடலைப் படிப்படியாகப் பழக்குக. பருத்தித்துறை சென்று மீள்வது ஏறத்தாழ 66 கிலோமீற்றர். கிளிநொச்சி சென்று மீள்வது ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முன்னதைப் பலமுறை களைப்பின்றி முடித்தவனே பின்னதை எண்ணுதல் வேண்டும்.

இரண்டாவதாக, வழியை ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் வகுத்து ஒப்புநோக்குக. இரண்டும் முரண்படும் இடமே ஊராரிடம் கேட்கவேண்டிய இடமாகும்.

மூன்றாவதாக, காற்று, வெயில், மழை ஆகியவற்றிற்கேற்ப நாளையும் புறப்படும் நேரத்தையும் தீர்மானிக்க.

நான்காவதாக, படத்தைத் தொலைபேசியில் இறக்கி, ஊர்களையும் இடைத்தூரங்களையும் ஒரு சிறு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. மின்கலம் இறந்தாலும் தாள் இறவாது.

ஐந்தாவதாக, பிறேக், சங்கிலி, ரயர் ஆகியவற்றைச் சோதித்து, மேலதிக ரியூப் ஒன்றும், ஒட்டுப்போடும் பொருள்களும், காற்றடிக்கும் பம்பும், முன்பின் விளக்குகளும், தலைக்கவசமும் கொள்க. கண்டி வீதியிலே பேருந்துகள் விரைந்து செல்வதால், வரிசையாக இடப்புறம் ஒதுங்கி ஓட்டுக. ஓட்டிக்கொண்டே திரையை நோக்கற்க; நின்று நோக்குக.

ஆறாவதாக, வீட்டார் ஒருவரிடம் வழியையும் சேரும் நேரத்தையும் கூறிச் செல்க. தனியே செல்லாதிருத்தல் இன்னும் நன்று.

முடிவுரை

இலக்கமுறைத் தேசப்படம் ஓர் அரிய கருவி. நூல் வைத்து அளந்த காலத்திலே ஒரு மாலை முழுவதும் ஆன வேலையை அது ஒரு கணத்திற் செய்கின்றது. ஆயினும், அது சென்று மீண்டவன் அன்று. காற்றை அது மோதியறியாது, தாகத்தை அறியாது, முட்கம்பி வேலிக்கு அப்பால் உள்ள வீட்டை நினைந்து நிற்பவன் துயரையும் அறியாது. சென்று மீண்டவன் சொல்லுஞ் சொல் சேரும்பொழுதே அக்கோடு ஆற்றுப்படை ஆகும்.

ஆகவே, நம் மாணாக்கர் படத்தைப் பயன்படுத்துவோராக மாத்திரம் அமையாது, அதனைத் திருத்துவோராகவும் அமைதல் வேண்டும். கல்லூரிப் புவியியற் கழகங்கள் விடுமுறை நாள் ஒன்றிலே தத்தம் அயலிலுள்ள ஒழுங்கைகளை வண்டியிற் சுற்றி, முதியோரிடம் பெயர் கேட்டு, கிணறும் மடமும் குளமும் குறித்துப் பதியுமாயின், ஓராண்டுக்குள் குடாநாட்டின் படம் வேற்றார் வரைந்த படமாக இராது, நம் படமாக மாறும். இதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. ஒரு துவிச்சக்கர வண்டியும், ஒரு கைத்தொலைபேசியும், வழியிலே கண்டாரை வணங்கிக் கேட்கும் பணிவுமே.